இருபது வருசமாத் தரிசாக் கிடந்த வயல்ல ரோட்டவேட்டர் இறக்கலாமா?

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூன் 8, இரவு 9.40

நமக்குத் தெரிஞ்ச இலங்கைக் குடும்பம் ஒண்ணு ஊர் திரும்புது. கிளிநொச்சி மாவட்டம், பளைக்குப் பக்கத்துல மூணு ஏக்கர் நஞ்சை. 2006ல சண்டை மறுபடி மூண்டப்ப விட்டுட்டு வந்தது. இப்ப ஆள் உயரத்துக்குப் பத்தை. வாடகை டிராக்டர் பிடிச்சு, ரோட்டவேட்டர் ஓட்டி, வர்ற பட்டத்துக்கு விதைச்சிடலாம்னு இருக்காங்க. அங்கே உள்ள சொந்தக்காரங்க சொல்ற யோசனை ரெண்டு. ஒண்ணு, தீ வெச்சிட்டு உழு, ஏதாச்சும் இருந்தா அதுவே வெடிச்சிடும். ரெண்டாவது, மாடு மேயுது, அதுக்கே ஒண்ணும் ஆகலை, பயப்படாதே.

என் கணக்கு இது: 2009ல சண்டை முடிஞ்சு பதினாறு வருசத்துக்கு மேல ஆச்சு. அத்தனை மழையில ஊறின வெடி செத்துத்தான் போயிருக்கும். சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஐப்பசிக்குள்ள முடிவு பண்ணணும்.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 8, இரவு 10.25

மூன்றுமே தப்பு. உழ வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். விவரம் நாளைக்கு.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 9, காலை 6.10

"செத்துப்போயிருக்கும்" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேரைக் கொல்வது அந்த நம்பிக்கைதான்.

அங்கே அதிகம் புதைத்தது பிளாஸ்டிக் உடம்பு கொண்ட சிறிய மிதிவெடி. பாகிஸ்தான் தயாரிப்பான பி4 என்ற வகை குறுக்களவில் ஏழு சென்டிமீட்டர், உயரம் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெடிமருந்து சுமார் 30 கிராம். கணுக்காலைப் பறிக்க அது போதும். உடம்பு பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. இரும்பு என்று உள்ளே இருப்பது ஊசி, சுருள் கம்பி மாதிரி மிகச் சின்னச் சாமான்தான். மருந்துக்கு மழையும் வெயிலும் பெரிய பொருட்டில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப்போர் எறிகணைகள் 1918க்குப் பிறகு இன்றுவரை ஏரோட்டும்போது மேலே வந்துகொண்டுதான் இருக்கின்றன. எகிப்தில் அலமெய்ன் பாலைவனத்தில் இரண்டாம் உலகப்போர்க் கண்ணிகள் இன்னும் ஆளைக் கொல்கின்றன.

வயதானால் சிலது செயலிழக்கும், உண்மை. ஆனால் எது செயலிழந்தது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ரப்பர் வளையம் இற்று, கம்பி இறுகி, முன்னைவிட லேசான அழுத்தத்துக்கே வெடிப்பதும் உண்டு. பழசானால் அதன் போக்கை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகிறது, அவ்வளவுதான். பாதுகாப்பு கூடுவதில்லை.

தீ: பத்தை எரியும்போது மேலாக இருப்பதில் சில வெடிக்கும். இரண்டு விரல் ஆழத்தில் கிடப்பதற்குச் சூடு எட்டாது. எட்டினாலும் பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் சாய்ந்து, ஊசி பாதி விடுபட்ட நிலையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வெடிக்காத எறிகணை கிடந்தால் அது சூட்டில் வெடித்துச் சில்லு நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். தீ வைத்தவர் அந்தத் தூரத்துக்குள்தான் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எரித்து முடித்தால் நிலம் வெளிச்சமாகத் தெரியும், ஆளுக்குத் தைரியம் வரும், உள்ளே இறங்குவார். அங்கேதான் போகிறது கால்.

மாடு: ஒரு ஏக்கர் என்பது நாலாயிரம் சதுர மீட்டருக்கு மேல். மாட்டின் குளம்பு எத்தனை சதுர சென்டிமீட்டர்? அது பழகின தடத்திலேயே போகும், பத்தைக்குள் நுழையாது. ஒரு வருடம் மேய்ந்தாலும் நிலத்தில் பெரும்பகுதி மிதிபடாமலே இருக்கும்.

மிஷின்காரர், மன்னார்குடி | ஜூன் 9, காலை 8.30

ரோட்டவேட்டர் பத்தி நான் சொல்றேன். நம்ம பக்கம் 45 குதிரைசக்தி வண்டியில மாட்டுறது நாலுலேர்ந்து ஆறு அங்குலம் ஆழம் போகும். மிதிவெடி கிடக்கறதும் அதே ஆழத்துலதான். கத்தி அடிச்சா வெடிக்கும், அதுக்கு முன்னாடி முன் டயர் மேல ஏறினாலே வெடிக்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழே தகடுகூட ஒழுங்காக் கிடையாது. சின்ன வெடின்னா டயரோட போகும்னு நெனைக்கலாம். ஆனா ரோட்டவேட்டர் பின்னாடி நின்னு மண்ணு கட்டி உடையுதான்னு பாக்கற ஆள்? வரப்புல நிக்கற பசங்க? அடியில டாங்கிக்கு வெச்ச பெரிய கண்ணி இருந்துச்சுன்னா வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

இன்னொண்ணு. கத்தி அடிச்சு வெடிக்காம தூக்கி எறிஞ்சா, ஓரமா இருந்தது வயல் நடுவுல போய் விழும். அல்லது உடைஞ்சு தூள் தூளாப் பரவி, கேப்பு (வெடியைத் தூண்டற சின்னச் சாமான்) மட்டும் முழுசா மண்ணுல கிடக்கும். அப்புறம் கண்டுபிடிக்கறவங்களுக்கு வேலை இரட்டிப்பு.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 9, மதியம் 1.15

மன்னார்குடிக்காரர் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். இதற்கென்றே கவசம் போட்ட இயந்திரங்கள் உண்டு. சுழலும் உருளையில் சங்கிலி, சங்கிலி நுனியில் சுத்தி; மண்ணை அடித்துக்கொண்டே போகும். அதை ஓட்டின பிறகும் நிலம் "சுத்தம்" என்று எழுதிக் கொடுத்துவிட மாட்டார்கள். பின்னாலேயே ஆள் இறங்கித் தேடித்தான் ஆக வேண்டும். ஒன்றிரண்டு உடைந்தும் உடையாமலும் தங்கிவிடும். கவசம் போட்ட இயந்திரத்துக்கே அந்தக் கதி.

வன்னியாள் | ஜூன் 9, இரவு 11.05

ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் எல்லாத்துக்கும் கண்ணிவெடி எண்டு சொல்லுறீங்கள். எங்கட பக்கம் கால் பட்டு வெடிக்கிறது மிதிவெடி. வாகனத்துக்கு வைக்கிறது கண்ணிவெடி. கம்பி இழுபட்டோ, பொருளைத் தூக்கினாலோ வெடிக்கிறது பொறிவெடி. விழுந்து வெடிக்காமல் கிடக்கிறது வெடிக்காத எறிகணை. விமானம் போடுறதில் சிதறுறது கொத்துக்குண்டு. திரும்பிப் போற ஆக்கள் கிராம அலுவலரோட கதைக்கேக்கை இந்தச் சொற்களைத்தான் கேப்பினம். எதைக் கண்டது எண்டு சரியாச் சொன்னால்தான் சரியான ஆக்கள் வருவினம்.

பளை, முகமாலை எண்டால் சும்மா இடமில்லை. 2000இல இருந்து 2009 தொடக்கம் வரைக்கும் இரண்டு பக்கமும் முன்னரங்க வரிசை போட்டு நிண்ட இடம். ஒரு மண் அணை, அதுக்கு முன்னால மிதிவெடி. பிறகு பின்வாங்கி இன்னொரு மண் அணை, அதுக்கு முன்னால திரும்ப மிதிவெடி. அடுக்கு அடுக்காக் கிடக்கு. இராணுவம் வைச்சது பெரும்பாலும் வரிசையா, கணக்குப் பதிவோட. இயக்கம் (புலிகள்) வைச்சதுக்கு ஒழுங்கு இல்லை, பதிவும் இல்லை. ஜொனி எண்டுற மரப்பெட்டி மிதிவெடி, பி4 மாதிரியே வார்த்த ரங்கன் 99. மரப்பெட்டி கறையான் அரிச்சுப் போனாலும் உள்ளுக்க இருக்கிற மருந்து அப்பிடியே கிடக்கும்.

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூன் 10, காலை 7.00

சொல்லிட்டேன், உழவு நிறுத்தியாச்சு. ஆனா அவங்க கேக்கறது நியாயமான கேள்வி: அப்ப எதை வெச்சு நிலம் சுத்தம்னு நம்பறது? பக்கத்து வயல்காரர் மூணு வருசமா விதைக்கிறாராம். இவங்க நிலத்துல பலகையும் இல்லை, குச்சியும் இல்லை.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 10, இரவு 8.45

பலகை இல்லை என்பதால் நிலம் பாதுகாப்பு என்று ஆகாது. சிவப்புப் பலகையை யாரோ தகரத்துக்குக் கழற்றியிருப்பார்கள். சிவப்புத் தலை வைத்த குச்சி கறையானுக்கும் அடுப்புக்கும் போயிருக்கும். பலகை இருந்தால் ஆபத்து நிச்சயம். இல்லையென்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பக்கத்து வயலும் சாட்சி ஆகாது. முன்னரங்க வரிசை வரப்புப் பார்த்துப் போகவில்லை. குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அவர் நிலத்துக்கு வெளியே தொடங்கி இவர் நிலத்தில் முடியலாம்.

நம்ப வேண்டியது தாளை. இலங்கையில் தேசிய மிதிவெடி நடவடிக்கை மையம் 2010இல் அமைந்தது, அதன் வட்டார அலுவலகம் கிளிநொச்சியில் இருக்கிறது. எந்த நிலத்தை யார் எப்போது தேடினார்கள் என்ற கணக்கு அங்கே. நடைமுறை இப்படிப் போகும். முதலில் ஊர் ஆட்களை விசாரித்து, பழைய பதிவைப் பார்த்து, எங்கே சந்தேகம், எங்கே இல்லை என்று பிரிப்பார்கள். சந்தேக இடத்தில் சில தடங்கள் மட்டும் வெட்டிப் பார்த்து எல்லையைச் சுருக்குவார்கள். மிச்சத்தை முழுக்கத் தேடுவார்கள். தனியாக வேறொரு குழு வந்து சோதித்துப் பார்க்கும். கடைசியில் வரைபடத்தோடு ஒப்படைப்பு ஆவணம் மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும்.

அந்த வரைபடத்தில் ஒரு நிலைக்குறி (அளவு தொடங்கும் அசையாத அடையாளம்), அங்கிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசைக் கோணம் என்று ஒவ்வொரு திருப்புமுனையும் எழுதியிருக்கும். எவ்வளவு ஆழம் வரை தேடினார்கள் என்பதும் இருக்கும். குடும்பத்தார் பார்க்க வேண்டியவை: தேதி, எல்லை, ஆழம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

வன்னியாள் | ஜூன் 11, காலை 5.50

ஆழம் விசயத்தில் ஒண்டு சேர்க்கிறன். தேடினது மேல் மண்ணுக்குத்தான். கிணறு வெட்ட, வீட்டு அத்திவாரம் போட, மலசலகூடக் குழி தோண்ட அந்தத் தாள் காணாது. எறிகணை ஆழமாப் புதைஞ்சு கிடக்கும். பழைய கிணறு இருந்தால் இறைக்கவோ தூர் வாரவோ வேண்டாம், சனம் போகேக்கை ஆயுதங்களைக் கிணத்துக்க போட்டு மூடின இடங்கள் இருக்கு. இதுகளுக்குத் தனியா அறிவிச்சுக் கேக்கலாம்.

எதைக் கண்டால் விலக வேணும்: பனங்குத்தி அடுக்கின பதுங்கு குழி, இடிஞ்ச காவலரண், கிழிஞ்ச மண் மூடை, முட்கம்பிச் சுருள், நேரா ஓடுற மண் அணை, மாட்டு எலும்பு, சனம் காரணம் இல்லாமல் சுத்திப் போற பாதை. கடைசி ரெண்டும் ஆக முக்கியம்.

மிஷின்காரர், மன்னார்குடி | ஜூன் 11, காலை 9.20

அப்ப சட்டிக் கலப்பை போட்டா? அது எட்டு, பத்து அங்குலம் கிழிக்கும். தாள்ல எழுதின ஆழத்துக்குக் கீழே போயிடுமே.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 11, காலை 9.55

சரியாகப் பிடித்தீர்கள், நான் எழுத விட்டது. முதல் இரண்டு பட்டம் சட்டிக் கலப்பை வேண்டாம். கொக்கிக் கலப்பையும் தாளில் உள்ள ஆழத்தைத் தாண்டாமல். ஆழ உழவு தேவை என்றால் முதலில் வட்டார அலுவலகத்தில் கேட்கட்டும்.

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூன் 13, இரவு 9.00

நேத்து மேட்டூர் திறந்தாச்சு, நமக்குத் தண்ணி வந்து சேர நாளாகும். அதுக்குள்ள ஒரு கேள்வி. அவங்க நிலம் இன்னும் தேடப்படலைன்னா எவ்வளவு காலம் ஆகும்? மூணு ஏக்கருக்கு ஒரு மாசம் போதாதா?

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 14, காலை 6.30

போதாது. ஏன் என்று தெரிந்தால் அவசரம் குறையும், அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

முகக்கவசமும் மார்புக்கவசமும் போட்டு ஒருவர் ஒரு மீட்டர் அகலத் தடத்தில் போவார். முன்னால் குறுக்கே ஒரு கோல். அந்தக் கோலுக்கு அப்பால் உடம்பில் எதுவும் போகக்கூடாது. முதலில் மெல்லிய கம்பியால் காற்றைத் தடவுவது போல இழுகம்பி இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பத்தையை மேலிருந்து கீழாகச் சிறு துண்டாக வெட்டி, வெட்டியதைப் பின்னால் கொடுப்பார், முன்னால் போட மாட்டார். தரை தெரிந்ததும் உலோகம் கண்டறியும் கருவி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் ஏறியபடி. சத்தம் வந்தால் இரண்டு திசையிலிருந்தும் பார்த்துப் புள்ளியைக் குறிப்பார். புள்ளியின் மேல் தோண்டக்கூடாது. ஒரு சாண் தள்ளித் தன் பக்கம் குழி எடுத்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட வேண்டும். மிதிவெடிக்கு வாய் மேலே இருக்கிறது. விலாவைத் தொட்டால் பெரும்பாலும் வெடிக்காது. கண்டதும் நின்று, குறித்து, மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிப்பார்கள்.

தாமதம் எங்கே? முன்னரங்கில் ஒரு மிதிவெடிக்கு நூற்றுக்கணக்கில் தோட்டாக் கூடு, சில்லு, கம்பி, ஆணி. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதே தோண்டல். நூறாவது ஆணியிலும் முதல் ஆணியில் இருந்த கவனம் வேண்டும். அதனால் ஐம்பது நிமிடம் வேலைக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்று பல இடங்களில் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக இலங்கையில் உருவான ஒரு முறை உண்டு: நீளக் கைப்பிடி போட்ட, பல் வைத்த வாருகோல் (ரேக்). நார்வே நாட்டு அமைப்பு ஒன்று யாழ்ப்பாணத்தில் 2000களின் தொடக்கத்தில் பழக்கியது. கனத்த வாருகோலால் மண்ணைத் தளர்த்தி, லேசான வாருகோலால் தன் பக்கம் இழுத்து, காலடியில் ஒரு பள்ளத்தைக் காத்துக்கொண்டே முன்னேறுவது. உலோகம் நிறைந்த மண்ணில் இது வேகம். கைப்பிடி நீளம் என்பதால் வெடித்தாலும் முகத்துக்குத் தூரம். மணலில் அருமையாகப் போகும். நம் பக்கத்துக் களிமண் மாதிரி காய்ந்து வெடித்த நிலத்தில் வாராது, முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும்.

மொத்தத்தில் இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் பத்துப் பதினைந்து சதுர மீட்டர். நம் நில அளவில் ஒரு குழி. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். மூன்று ஏக்கருக்கு 900 ஆள்-நாள். இருபது பேர் இறங்கினாலும் மழை, விடுப்பு எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மேல்.

வன்னியாள் | ஜூன் 14, இரவு 10.10

குழி எண்டு அங்க போய்க் கதைச்சால் குழப்பம் வரும், யாழ்ப்பாணக் குழி வேற அளவு. பரப்பில சொல்லுங்கோ. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு கிட்டத்தட்ட 253 சதுர மீட்டர். சாப்பர் அண்ணையின்ர கணக்குப்படி ஒராள் ஒரு பரப்பு முடிக்க மூண்டு கிழமை.

அந்த வாருகோலைப் பிடிச்சிருக்கிறதில கனபேர் பெண்கள். வடக்கிலயே பிறந்து வளந்த ஆக்கள், குடும்பத்துக்கு உழைக்கிற ஒரே ஆளா இருக்கிறவை. அதையும் எழுதி வைக்க வேணும்.

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூன் 15, காலை 6.45

குழந்தைங்க ரெண்டு பேர் கூடப் போறாங்க, பத்து வயசு, ஏழு வயசு. இங்கே பிறந்ததுங்க, இதெல்லாம் தெரியாது. தெரியாம உள்ளே போயிட்டா, வந்த காலடித் தடத்துலயே பின்னால வந்துடணும்னு படிச்ச ஞாபகம். அதைச் சொல்லிக் கொடுக்கவா?

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 15, காலை 7.20

வேண்டாம். பழைய பாடம் அது. காய்ந்த தரையில், புல்லில், தன் தடம் எது என்று பெரியவருக்கே தெரியாது. குழந்தைக்குச் சொல்ல வேண்டியது: நில். அசையாதே. கூட வந்தவர்களையும் நிற்கச் சொல். சத்தம் போடு. ஆள் வரும்வரை நின்ற இடத்திலேயே நில், ராத்திரி ஆனாலும். யாருமே வர வழியில்லை, ஈரமண்ணில் தடம் அச்சுப்போலத் தெரிகிறது என்ற இக்கட்டில் மட்டும் பெரியவர்களுக்கு அந்தக் கடைசி வழி.

அதைவிட முக்கியமானது பொருளைத் தொடாமல் இருப்பது. மிதிபட்டுச் சாகும் குழந்தைகளைப் போலவே கையில் எடுத்து விளையாடிச் சாகும் குழந்தைகளும் உண்டு. உருண்டை, குழாய், பச்சை டப்பா, இறக்கை வைத்த சின்னச் சாமான், நாடா தொங்கும் சாமான், எதுவானாலும். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். கல் எறியாதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அங்கே போலீஸ் எண் 119. இரண்டு பேருக்கும் மனப்பாடம் ஆகட்டும்.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 15, இரவு 9.30

காலையில் விட்டது. ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். ஒன்று இருந்த இடத்தில் பல இருக்கும். ஓடிப்போன அப்பாவும் அண்ணனும் இரண்டாவது, மூன்றாவது ஆளாகிறார்கள். வெளியே நின்று பேச்சுக் கொடுங்கள், அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், துணியை எறிந்து தானே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நெஞ்சைப் பிளக்கும் காரியம், ஆனாலும் அதுதான் வழி.

கால் பட்டறை, தஞ்சாவூர் | ஜூன் 16, இரவு 10.40

கட்டு எப்படி என்பதையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் பீய்ச்சினால் காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின் மேல் இல்லாமல், இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத துணி. கயிறு, கம்பி வேண்டாம், சதையை அறுக்கும். ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சி அவிழாமல் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இடையில் தளர்த்திப் பார்க்காதீர்கள், தளர்த்தும் ஒவ்வொரு முறையும் ரத்தம் போகும். ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

மிதிவெடிக் காயம் விபத்துக் காயம் மாதிரி இல்லை. வெடியின் வேகம் மண், செருப்புத் துண்டு, புல், பாத எலும்புச் சில்லு எல்லாவற்றையும் தசைக்கு இடையில் மேலே ஏற்றிவிடும். வெளியே கணுக்கால்தான் போனது போல் இருக்கும். உள்ளே அழுக்கு முழங்கால்வரை போயிருக்கும். அதனால் முதல் நாளே தைத்து மூடக்கூடாது. செத்த தசையை வெட்டி, கழுவி, திறந்து வைத்து, நாலைந்து நாள் கழித்துத்தான் மூடுவது. முதல் நாளே மூடிய காயம் சீழ் கட்டி, முழங்காலுக்குக் கீழே முடிந்திருக்க வேண்டியது தொடைக்குப் போகும். முழங்கால் மிஞ்சுகிறதா என்பதில்தான் மிச்ச வாழ்க்கையே இருக்கிறது. சொந்த முழங்கால் உள்ளவர் வயலுக்குத் திரும்புவார்.

கால் பட்டறை, தஞ்சாவூர் | ஜூன் 17, காலை 11.00

நேற்று தொடங்கியது முடியவில்லை.

செயற்கைக்கால் என்றதும் ஷூவுக்குள் போகும் காலைத்தான் நினைக்கிறோம். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அது உதவாது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்த பாதம் இதை நினைத்துச் செய்தது. உள்ளே ஸ்பாஞ்சு ரப்பரும் கட்டையும், வெளியே டயர் ரப்பர், எல்லாம் சேர்த்து அச்சில் வேகவைத்து எடுப்பது. கணுக்கால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் வளையும். சம்மணம் போடலாம், குந்தலாம், வரப்பில் சாய்வாக நிற்கலாம், தண்ணீரில் இறங்கலாம். மேலே தண்டுக்குப் பாசனத்துக்குப் போடும் அதே கறுப்பு பாலிஎதிலீன் குழாய்; சூடாக்கி, காலின் அச்சுமேல் இழுத்து விடுவது. யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்தே ஜெய்ப்பூர் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

வயலில் என்ன கெடும்? சேறு பாதத்தைப் பிடித்து இழுக்கும், கால் கழன்றுவிடும். முழங்காலுக்கு மேலே ஒரு வார் போட்டால் நிற்கும். கிண்ணத்துக்குள் (மிஞ்சிய கால் நுழையும் மேல் பகுதி) சேற்றுத் தண்ணீர் போனால் தோல் ஊறி ஒரே நாளில் புண். இரண்டு காலுறை கையில் இருக்க வேண்டும், நனைந்ததும் மாற்ற வேண்டும். முதல் ஆறு மாதத்தில் குறைகால் சுருங்கும், கிண்ணம் லொடலொடக்கும், கிண்ணத்தை மாற்றாமல் துணி திணித்து ஓட்டினால் எலும்பு முனையில் புண் விழும். பெரியவருக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுக்கால். குழந்தைக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒன்று. தவிர, வெட்டிய எலும்பு சதையைவிட வேகமாக வளர்ந்து முனை தோலைக் குத்திக்கொண்டு வரும். திரும்பத் திரும்ப அறுவை. ஏழு வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வளர்ந்து முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து கால் மாற்ற வேண்டியிருக்கும். மிதிவெடியின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

வேதாரண்யம் கரை | ஜூன் 19, மாலை 4.30

நம்ம பக்கத்துக்கு இது சம்பந்தமே இல்லைன்னு யாரும் நெனைக்காதீங்க. 2018 ஜூன்ல தங்கச்சிமடத்துல கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினப்ப பெட்டி பெட்டியாத் தோட்டாவும் வெடிபொருளும் வந்துச்சு, 1980கள்ல புதைச்சது. 2004 செப்டம்பர்ல டெல்லி பக்கம் காசியாபாத்துல இரும்பு உருக்கற ஆலையில எறிகணை வெடிச்சுப் பத்துப் பேர் செத்தாங்க, வெளிநாட்டுச் சண்டை பூமியிலேர்ந்து வந்த பழைய இரும்பு. பழைய இரும்புக்கடை வெச்சிருக்கறவங்க மூடின குழாய், கூர் முனையும் இறக்கையும் உள்ள சாமான் வந்தா எடைபோடக்கூட எடுக்கக்கூடாது. வெல்டிங் வெட்டு, சுத்தி, ரெண்டும் ஆகாது.

கரையில ஒதுங்கறது இன்னொண்ணு. கப்பலும் விமானமும் கடல்ல போடற புகைக் குறிக் குழாய். பாக்க காலி அலுமினியக் குழாய் மாதிரி இருக்கும். உள்ள பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து. பாதி எரிஞ்சு அணைஞ்சது வெயில்ல காய்ஞ்சதும் மறுபடி பத்திக்கும். வலையில வந்தாலும் படகுல ஏத்தாதீங்க. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, நிலத்துலன்னா 112. இடத்தைக் குறிச்சுட்டு நூறு மீட்டராவது தள்ளி வந்து பேசுங்க.

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூன் 20, காலை 6.00

வேதாரண்யத்தார் சொன்னதோடு சில எண்கள். 2023இல் உலகம் முழுவதும் மிதிவெடியாலும் மிஞ்சிய வெடிபொருளாலும் பாதிக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தவர்கள் 5,757 பேர். அதில் இறந்தவர்கள் 1,983. எந்தத் தரப்பு என்று தெரிந்தவர்களில் 84 சதவீதம் பொதுமக்கள். அதிகம் மியான்மரில், ஆயிரத்துக்கு மேல். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2028 ஜூன் 1க்குள் முழுக்க அகற்றியாக வேண்டும் என்பது அதன் கெடு. இந்தியா இன்னும் சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் கருத்து. ராஜஸ்தான், பஞ்சாப் எல்லையில் 2001–02இல் விளைநிலத்தில் கண்ணி விதைத்து, பிறகு எடுத்தபோது விவசாயிகள் பட்ட பாடு போதும். 2025இல் ஐரோப்பாவில் ஐந்து நாடுகள் அதே ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அறிவித்தன. ரஷ்யாவை நினைத்துப் பயப்படுகிறார்கள், பயம் புரிகிறது. ஆனால் மண்ணில் வைத்தது எந்த நாட்டு ராணுவத்தின் கால், எந்த உழவனின் கால் என்று பார்க்காது.

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூலை 11, இரவு 8.15

தாள் கிடைச்சிடுச்சு. கிராம அலுவலர் மூலமா மனு போட்டு, வட்டார அலுவலகத்துலேர்ந்து வரைபட நகல் வந்திருக்கு. தேதி, ஆழம் ரெண்டும் இருக்கு. மூணு ஏக்கர்ல ரெண்டே கால் ஏக்கர் எல்லைக்குள்ள வருது. குளக்கட்டு ஓரம் முக்கால் ஏக்கர் வெளியில, இன்னும் தேடலை. எல்லையைப் போன்ல புள்ளி வெச்சுப் பாத்து முளை அடிச்சா போதுமா?

சாப்பர், பட்டுக்கோட்டை | ஜூலை 11, இரவு 9.05

போதாது. போன் காட்டும் புள்ளி ஐந்து, பத்து மீட்டர்கூடத் தள்ளிப் போகும். நிலைக்குறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நாடா பிடித்து அளக்க வேண்டும். அதையும் நீங்களோ அவர்களோ செய்ய வேண்டாம், அலுவலகத்து ஆள் வந்து காட்டட்டும். கேட்டால் வருவார்கள். காட்டிய இடத்தில் சிமெண்ட் முளை நட்டு, முளைக்கு முளை கயிறு.

வன்னியாள் | ஜூலை 11, இரவு 10.30

குளக்கட்டுப் பக்கம் எலி வளையும் பண்டி கிண்டின இடமும் இருக்கும். வெள்ளம் வந்தால் கட்டு மண் அரிச்சுக் கீழ கொண்டு வரும், பிளாஸ்டிக் மிதிவெடி பாரம் குறைஞ்சது, தண்ணியோட அசையும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த ஓரத்தைத் தூர நிண்டு பாத்துட்டு இறங்கச் சொல்லுங்கோ. புதுசா ஏதும் தெரிஞ்சால் திரும்ப அறிவிக்கலாம், தேடி முடிச்ச நிலம் எண்டாலும் வருவினம்.

மிஷின்காரர், மன்னார்குடி | ஜூலை 12, காலை 6.20

கயிறு வரைக்கும் ஓட்டாதீங்க. வண்டி திருப்பறப்ப முன் டயர் ரெண்டு மூணு மீட்டர் வெளியே போகும், பின்னாடி கலப்பை வீசிக்கிட்டு வரும். கயித்துக்கு உள்பக்கம் ஆறு மீட்டர் விட்டு, கயித்துக்கு இணையா மட்டும் ஓட்டணும், அந்தப் பக்கம் மூக்கு வெச்சுத் திருப்பவே கூடாது. மிஞ்சற துண்டை இந்தப் போகம் அப்படியே விட்டுடுங்க. டிரைவர் வெளியூர்க்காரர்னா முந்தின நாளே நடந்து காட்டுங்க, கயித்துல சிவப்புத் துணி கட்டி.

கடைமடை, திருத்துறைப்பூண்டி | ஜூலை 12, காலை 7.05

சரி. ரெண்டே கால்ல அந்த ஆறு மீட்டர் போக மிச்சத்துக்கு மட்டும் விதைநெல் கணக்குப் போடச் சொல்றேன்.